நான் எழுத மறுத்த வரி

செமே,
20 பிப்ரவரி 1994, ஞாயிறு.

மரியாதைக்குரிய ஃபெல்கோனா அக்கா அவர்களுக்கு,

ரோஸ்பெலா வணக்கத்துடன் எழுதுவது. உறையின் மேல் இருப்பது ஒயுகியின் கையெழுத்து. மாடுகளை மருந்தில் முக்கும் தொட்டியில் வேலை பார்த்த ஒயுகி ஏதோ எழுதியிருக்கிறார் என்று நினைத்துத்தான் பிரித்திருப்பீர்கள். இந்தச் சின்ன ஏமாற்றை மன்னிக்க வேண்டும். என் எழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவீர்களோ என்று பயந்தேன். டிசம்பரில் நான் போட்ட கடிதம் உங்கள் கைக்கு வந்ததா, வந்தும் படிக்கவில்லையா என்பது தெரியாது. கடைக்காரர் போனிலிருந்து மொம்பாசா துறைமுக அலுவலகத்துக்கு இரண்டு முறை பேசினேன். உங்கள் மகன் ஒவிட்டியிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார்கள். பிள்ளை வேலை மும்முரத்தில் மறந்திருக்கலாம். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை.

நீங்கள் இந்த வளவை விட்டுப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. நான் என்ன சொன்னாலும் கேட்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனாலும் கடைசி வரை படித்துவிடுங்கள். படித்த பிறகு கிழித்துப் போடுங்கள்.

முதலில் நம் வீட்டுக்காரர் உடம்பைப் பற்றி. அக்டோபரில் ஒரு காலை, முகம் கழுவக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம் என்றார்கள். வலது கையும் காலும் போய்விட்டன. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. மிஷன் மருத்துவமனையில் மூன்று வாரம் வைத்திருந்தோம். ஊசி போடும் நர்ஸிடம், "மாட்டுக்குப் போடற மாதிரி குத்தாதம்மா, நான் மாட்டுக்கே இதைவிட மெதுவாப் போடுவேன்" என்று குழறிக் குழறிச் சொன்னார். அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பேச்சு இருக்கிறதே, பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்து உங்கள் வீட்டில்தான் படுக்க வைத்திருக்கிறேன். அவரே அப்படிக் கேட்டார். முதல் மனைவியின் வீட்டில்தான் படுப்பேன் என்றார். உங்கள் வீடு நீங்கள் விட்டுப் போன மாதிரியே இருக்கிறது. தரையை மாதம் ஒரு முறை சாணம் போட்டு மெழுகிவிடுவேன். மேற்குப் பக்கத் தகரம் மட்டும் போன மழையில் ஒழுகியது, மாற்றியாகிவிட்டது. உங்கள் பெட்டியை நான் திறந்ததில்லை. பகலெல்லாம் அங்கே அவருடன் இருந்துவிட்டு, தூங்க என் வீட்டுக்கு வந்துவிடுவேன். உங்கள் கூரைக்குக் கீழே படுக்கக் கூச்சமாக இருக்கிறது.

சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. ஏரியில் அந்த ஆகாயத் தாமரை வந்து அடைத்துக்கொண்டு படகுகள் கரைக்கு வர முடியவில்லை. பொடிமீன்கூடக் கிடைப்பதில்லை. இன்னும் விதைக்கவில்லை. நீங்கள் இல்லாத வருடங்களில் அவர்தான் உங்கள் நிலத்தில் உங்கள் பேரைச் சொல்லி ஒரு பிடி சோளம் தூவிவிட்டு வருவார். அதற்குப் பிறகுதான் நான் என் நிலத்தில் இறங்குவேன். முதல் மனைவிக்கு முன்னால் நான் ஒரு விதைகூடப் போட்டதில்லை. இந்த வருடம் அவரால் எழுந்திருக்க முடியாது. பக்கத்து வளவுகளில் எல்லாம் உழுதுவிட்டார்கள். நம் நிலம் சும்மா கிடக்கிறது.

அது சும்மா கிடப்பது ஒகோலா கொழுந்தனாரின் கண்ணில் நன்றாகப் பட்டுவிட்டது. அண்ணனைப் பார்க்க வருகிறேன் என்று தினமும் வருவார். வந்தால் அண்ணன் பக்கத்தில் ஐந்து நிமிடம். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏரிக்கரை நிலத்தைச் சுற்றி நடப்பார். அவர் உதடு அசைவதை வைத்தே காலடி எண்ணுகிறார் என்று தெரிந்துகொண்டேன். ஒரு நாள் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணி, உங்களைப் பத்தித்தான் எனக்குக் கவலை. ஃபெல்கோனா அண்ணிக்கு ஒவிட்டி இருக்கான். உங்களுக்கு யாரு இருக்கா? உயோமாவுல அப்பன் வீடாவது இருக்கா?"

இல்லை என்று அவருக்குத் தெரியும். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வருடங்களாகின்றன.

"அண்ணனுக்கு அப்புறம் உங்க வாசல்ல யார் செருப்பு கிடக்கணும்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்கங்க. அண்ணன் போனா அவர் பொண்டாட்டியைத் தம்பி எடுத்துக்கறது நம்ம வழக்கம்தானே, நான் ஒண்ணும் அந்நியன் இல்ல."

கரி பிடித்த சட்டியை அவர் முகத்துக்கு நேரே திருப்பிப் பிடித்துத் தேய்த்தேன். தண்ணீர் தெறித்ததும் எழுந்து போனார். போகும்போது சிரித்தார், அக்கா. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் படுத்திருக்கிற மனிதருக்குக் காது கூர்மையாகிவிடுகிறது. மறுநாள் காலை கஞ்சி குடித்து முடித்ததும், "உயோமாக்காரி, பழைய நோட்டு ஏதாவது இருக்கா? உயில் எழுதணும்" என்றார். அவர் கை எழுதாது. நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நான்தான் எழுதினேன்.

மூன்று நாள் எழுதினோம். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மூச்சு வாங்குவார். ஏரிக்கரை நிலமும் மேட்டு நிலமும் ஒவிட்டிக்கு. உங்கள் வீடும் அதன் முன்னால் இருக்கிற நிலமும் உங்களுக்கு. பசுக்களில் பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. எல்லையோரம் ஒகோலா இப்போது உழுகிற துண்டு அவருக்கே. "அதுக்கு மேல ஒரு சாண்கூட இல்லைன்னு எழுது. சாண்ங்கறதைப் பெரிசா எழுது" என்றார். நான் இருக்கிற சின்ன வீடும் காய்கறிப் பாத்தியும் நான் உயிரோடு இருக்கும் வரை எனக்கு, என்னை யாரும் கிளப்பக் கூடாது என்று சொன்னார். அதை எழுதும்போது வரி கோட்டை விட்டு இறங்கியது. வாழ்க்கையில் என் பேரில் எதுவும் இருந்ததில்லை. அவர் பார்த்துவிட்டு, "எழுத்து கோணலாப் போகுது, ஒழுங்கா எழுது" என்று அதட்டினார்.

மூன்றாம் நாள் சில்லறைப் பொருள்களுக்கு வந்தோம். கல்யாணக் கோட்டு ஒவிட்டிக்கு. ஊசிப் பெட்டியைக் கால்நடைத் துறைப் பையன்களுக்குக் கொடுக்க வேண்டாம், அவர்களுக்குச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாது, புதைத்துவிட வேண்டும் என்றார். சைக்கிள் ஒயுகிக்கு. "இருவது வருஷமா அந்த வண்டியைக் கண்ணாலயே ஓட்டிட்டு இருக்கான் பாவி" என்று சிரித்தார்.

சிரித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நான் நோட்டை மூடப் போனேன்.

"மூடாதே. இன்னும் ஒண்ணு இருக்கு. நான் சொல்றதை அப்படியே எழுது" என்றார். பிறகு, அக்கா, ஒரு வார்த்தைகூடக் குழறாமல் சொன்னார். "செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரோஸ்பெலா அகேயோவை முதுகுல கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினா. வாசல்ல சைக்கிளைக் குறுக்கே போட்டுத் தடுத்தவன் நான்."

இந்தக் கடிதத்தை இங்கே நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். இப்போது தொடர்கிறேன்.

உங்களுக்கு அந்த வாரம் மறந்திருக்காது. உங்கள் அம்மா இறந்து நீங்கள் பிறந்த ஊரான கெம்முக்குப் போயிருந்தீர்கள். ஒவிட்டிக்குப் பிறகு பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்த பெண்ணைச் சாவு வீட்டுக் கூட்டத்தில் கொண்டுபோக வேண்டாம் என்று என்னிடம் விட்டுப் போனீர்கள். "ராத்திரி பால் குடிக்காம தூங்க விடாதே" என்று மட்டும் சொன்னீர்கள். வியாழக்கிழமை திரும்பி வந்தபோது குழந்தையை வெள்ளைத் துணியில் பார்த்தீர்கள். எல்லோரும் கூடியிருந்த முற்றத்தில் என்னைப் பார்த்து, "இவ காலி வயிறு என் பிள்ளையைத் தின்னுடுச்சு" என்றீர்கள். நான் தலை குனிந்து நின்றேன். அவர் பெண்ணுக்குக் குழி வெட்டும் இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் காதிலும் அது விழுந்தது.

நடந்ததை இப்போது சொல்கிறேன். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்றும் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காய்ச்சல் வந்தது. அவர் மலேரியா மாத்திரையில் பாதியைப் பொடித்துச் சர்க்கரைத் தண்ணீரில் கொடுத்தார். காலையில் விட்டது போல இருந்தது. ஒரு வாய்க் களியும் தின்றாள். மத்தியானம் கண் சொருகிக்கொண்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் யாரையோ பார்த்தாள். எனக்குப் பிள்ளை வளர்த்துப் பழக்கம் இல்லை. ஆனாலும் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை என்று உடம்பே சொன்னது. முதுகில் கட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன்.

அப்போதுதான் அவர் தொட்டி வேலை முடிந்து சைக்கிளில் வந்தார். "எங்க தூக்கிட்டுப் போற?" என்றார். சொன்னேன். "இந்த வெயில்ல ஏழு மைலா? போற வழியிலேயே காய்ச்சல் தலைக்கு ஏறிடும். ஆயிரம் மாட்டுக்குக் காய்ச்சல் இறக்கினவன் நான். என் பிள்ளைக்கு மருந்து தெரியாதவன்னு அங்க போய்ச் சொல்லப் போறியா?" என்றார். வண்டியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினார். "உள்ளே போ. அடுத்த வேளை மாத்திரை கொடுத்தா சரியாயிடும்."

துணியின் முடிச்சை நானே அவிழ்த்தேன்.

புதன்கிழமை காலை வெயில் ஏறும் நேரத்தில் அவள் போய்விட்டாள். கடைசியாக உங்களைத்தான் கேட்டாள். நீங்கள் கெம்மில் இருக்கிறீர்கள், நாளைக்கு வருவீர்கள் என்று சொன்னேன். சரி என்றாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களுடைய பொருள் இத்தனை வருடம் என்னிடம் இருந்துவிட்டது.

அவர் சொல்லுவார், சொல்லுவார் என்று காத்திருந்தேன். அடக்கத்தன்று சொல்லவில்லை. நீங்கள் பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிய அன்றும் சொல்லவில்லை. பிறகு சொல்வதற்கு நாளே இல்லாமல் போய்விட்டது. நான் சொல்லியிருக்கலாம். என் நல்ல குணத்தால் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்காதீர்கள். பிள்ளை இல்லாதவள், அண்ணன் தம்பி இல்லாதவள். அவர் பேரைக் கெடுத்துவிட்டு எங்கே போய்ச் சாப்பிடுவேன்? அந்தப் பயம்தான். அதோடு, அவர் என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை, ஒரு நாளும் மலடி என்று சொன்னதில்லை. அது எல்லாம் எதற்கு ஈடாக என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரே தட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அதைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

சரி, உயிலுக்கு வருகிறேன். அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னதும் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏன் வெச்சுட்டே? எழுது. உனக்காகத்தானே சொல்றேன்" என்றார்.

"எனக்காகன்னா குழிப் பக்கத்துல நின்னு சொல்லியிருக்கணும்" என்றேன். அவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. "உயிலை எப்பப் படிப்பாங்க? நீங்க போனப்புறம். பதில் கேட்க முடியாத இடத்துக்குப் போய்ட்டு அப்புறம் சொல்றதுக்குப் பேரு என்ன? அதுவும் என் கையெழுத்துல. அக்கா இதைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? வீட்டையும் எழுதிக்கிட்டா, தன் பேரையும் தானே துடைச்சுக்கிட்டான்னு நினைக்க மாட்டாங்களா?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "அப்போ அவளை வரச் சொல்லு. நானே சொல்றேன்" என்றார். அன்றுதான் டிசம்பர் கடிதத்தை எழுதினேன். அதில் உடம்பு சரியில்லை, வாருங்கள் என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். மற்றது அவர் வாயால் வர வேண்டும் என்று விட்டுவிட்டேன். அது தப்பாகப் போய்விட்டது.

பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு கிசுமுவுக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். இளம் பெண். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கத்தையும் படித்தாள். "இதுல உங்களுக்கு வீடு வருது. எழுதினதும் நீங்க. நாளைக்கு யாராவது எதிர்த்தா இது நிக்கறது கஷ்டம்மா. வேற யாராவது எழுதணும். பங்கே இல்லாத ரெண்டு பேர் சாட்சி வேணும், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அவர் பக்கத்துல இருக்கணும்" என்றாள். பங்கே இல்லாதவர்கள் என்றதும் யோசித்தேன். இந்த ஊரில் அவர் சாவதால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்று யாரைச் சொல்வது? ஒயுகியைச் சொல்லலாம் என்றால் சைக்கிள் குறுக்கே நின்றது.

ஒயுகியிடம் சொன்னபோது, "வண்டி வேணாம். எனக்கு முட்டி வலி, எப்படியும் ஓட்ட முடியாது. சாட்சி சொல்றேன்" என்றார். சைக்கிளை உயிலிலிருந்து எடுத்துவிட்டோம். சபைப் போதகர் இன்னொரு சாட்சி. பள்ளிக்கூட எழுத்தர் தட்டெழுத்தில் அடித்தார். ஜனவரி எட்டாம் தேதி அவர் முன்னால் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டார்கள். சரி என்றார். இடது கட்டைவிரலை வைத்தார். நான் அந்த அறையில் இல்லை. வேண்டுமென்றே கிணற்றுக்குப் போயிருந்தேன். அகேயோவைப் பற்றிய வரி அதில் இல்லை.

ஒகோலாவுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. குடும்பப் பெரியவர்களைக் கூட்டினார். "மூளை கலங்கின மனுஷன்கிட்ட விரல் வாங்கியிருக்காங்க. கட்டைவிரலைப் பிடிச்சு அழுத்தினது யாருன்னு கேளுங்க" என்றார். போதகர் கோபப்பட்டு எழுந்து போய்விட்டார். பெரியவர்கள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நான் அங்கே இருப்பதே தெரியாதது போலப் பேசினார்கள். முதல் மனைவி வரட்டும், அவள் சரி என்று சொன்னால் எங்களுக்கும் சரி, அவள் சொல்லாமல் இந்த வளவில் ஒரு கல்லும் நகராது என்று முடித்துவிட்டார்கள்.

ஆக, நான் இருக்கிற வீடு உங்கள் நாக்கில் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம் என்று இப்போது நினைப்பீர்கள். நினைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வீடு வேண்டாம் என்று பெரிய மனதாக எழுதினால் அது பொய். எனக்கு முப்பத்தேழு வயது. வேறு கூரை இல்லை. ஆனால் நீங்கள் வந்து அந்தக் காகிதத்தை என் கண் முன்னால் கிழித்தாலும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அதை மட்டும் நம்புங்கள்.

நான் எழுதுவதற்குக் காரணம் வேறு. பிப்ரவரி முதல் வாரம் அவருக்கு மறுபடி வந்தது. இந்த முறை கை கால் இல்லை, மனதுக்குள் ஏதோ விட்டுவிட்டது. ஒயுகியைத் தன் அப்பா என்று நினைத்து எழுந்து உட்காரப் பார்க்கிறார். ஒகோலாவை யார் என்றே தெரியவில்லை, அதில் மட்டும் எனக்குக் குறையில்லை. என்னை உங்கள் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

முதல் நாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஃபெல்கோனா, நீ எப்ப வந்தே? பஸ்ல கூட்டமா?" என்றார். நான் அக்கா இல்லை என்று சொன்னேன். அவருக்கு ஏறவில்லை. "உம் மேல தூசியா இருக்கு, போய் முகம் கழுவு" என்றார். போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது? திரும்பி வந்ததும் சொல்ல ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை, வெயில், வாசல், எல்லாவற்றையும். "அவ கிளம்பிட்டா, ஃபெல்கோனா. நான்தான் தடுத்தேன். அவ மேல தப்பில்ல. மாட்டு டாக்டருக்குப் பிள்ளையைக் காப்பாத்தத் தெரியலன்னு ஆஸ்பத்திரில சிரிப்பாங்கன்னு நினைச்சேன்." அந்தக் கடைசி வார்த்தையை அன்றுதான் நானும் முதல் தடவை கேட்டேன். பிறகு, "என்னை மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அழுதார். அழுது தூங்கிவிட்டார். மறுநாள் மாலை கண் விழித்து, "ஃபெல்கோனா, எப்ப வந்தே?" என்று திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். முந்தின நாள் சொன்னது அவருக்கு நினைவில்லை. பதினோரு வருடம் சொல்லாததை இப்போது தினமும் புதிதாகச் சொல்கிறார். தினமும் புதிதாகப் பதில் கேட்டு, கிடைக்காமல் தூங்குகிறார். இன்றோடு பன்னிரண்டு நாள்.

போதகரிடம் கேட்டேன். "மன்னிச்சேன்னு நீங்களே சொல்லிடுங்களேன், நோயாளி நிம்மதியாப் போவார், அது பாவம் ஆகாது" என்றார். அவருக்குச் சுலபம். நான் ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் உள்ளே போகிறேன். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அது உங்கள் வார்த்தை, அக்கா. உங்கள் வீட்டைத் தொட்டேன், உங்கள் பாத்திரத்தைத் தொட்டேன், உங்கள் பேருக்கு இப்போது திரும்பியும் பார்க்கிறேன். அந்த ஒன்றை மட்டும் எடுக்கக் கை வரவில்லை. நீங்கள் மன்னிக்கிறீர்களா என்பது எனக்கு எப்படித் தெரியும்? மன்னிக்காமல் இருக்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. அதையும் நீங்களே வந்து சொல்லுங்கள். உங்கள் வாயால் இல்லை என்று கேட்டுவிட்டுப் போனாலும் அவருக்குக் கேட்டது கிடைத்ததாக இருக்கும்.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அவர் தடுத்தார் என்பது உண்மை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, நல்ல கால்கள். அவர் சைக்கிளில் இருந்தார், வேலி ஓரமாக ஒரு ஆள் நுழைகிற சந்து இருந்தது. நான் ஓடியிருக்கலாம். பின்னால் துரத்தி வந்திருப்பார், இரண்டு அடி கொடுத்திருப்பார், அவ்வளவுதான். நான் புருஷன் சொன்னதைக் கேட்டு முடிச்சை அவிழ்த்தேன். எந்த உயிலிலும் அவர் எழுதித் தீர்க்க முடியாதது அது. நீங்கள் முற்றத்தில் சொன்னதை நான் இத்தனை வருடம் மறுக்காமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போதெல்லாம் இந்த வளவில் பேசுவதற்கு ஆள் இல்லை. அவர் பேசுவது உங்களிடம். மாலையில் அடுப்பு மூட்டும்போது நானே சத்தமாக ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். பசு திரும்பிப் பார்க்கிறது.

மொம்பாசாவிலிருந்து காலை பஸ் ஏறினால் மறுநாள் கிசுமு வந்துவிடலாம். அங்கிருந்து வண்டி மாறிச் சந்திப்பில் இறங்குங்கள். ஒயுகியை வியாழன் முதல் தினமும் மத்தியானம் அங்கே நிற்கச் சொல்லியிருக்கிறேன். ஒவிட்டியும் வந்தால் அவன் அப்பா பேசுவதை அவனும் கேட்கட்டும். அவனுக்கும் அவன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். கடைசிப் பெண்ணுக்கு அகேயோ என்று பேர் வைத்திருப்பதாக யாரோ சொன்னார்கள். கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நன்றாக இருக்கட்டும். நீண்ட காலம் இருக்கட்டும்.

வந்தால் என்னைப் பார்க்க வேண்டும் என்று அவசியமில்லை. நேரே உங்கள் வீட்டுக்குள் போங்கள், அவர் அங்கேதான் இருக்கிறார். நான் என் அடுப்படியில் இருப்பேன். நீங்கள் கூப்பிட்டால் வருவேன்.

உங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கும்,
ரோஸ்பெலா